ஒழுங்கை மதிலோடு முடிகிறது. இந்தக் காணியை வாங்கலாமா?

நாவற்குடா மருமகன்:

வணக்கம். மட்டக்களப்பு ஆள். பிறந்தது கொக்கட்டிச்சோலைப் பக்கம், பெண் எடுத்தது நாவற்குடாவில், ஆகவே இருப்பதும் மாமியார் வளவில்தான். பார்சல் கொடுக்கிற வேலை. கல்லடிப் பாலத்தில் இருந்து ஆரையம்பதி வரைக்கும் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிகிறவன்.

இப்போது ஒரு காணி பார்த்திருக்கிறோம். பிரதான வீதியில் இருந்து வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை. முன்பு தென்னந்தோட்டம், இப்போது துண்டு போட்டு விற்கிறார்கள். 12 பேர்ச், மேட்டுக் காணி, கிணற்றில் நல்ல தண்ணி, விலையும் கைக்கு எட்டுகிறது. ஆனால் அந்தப் பதினைந்து அடிக் கிறவல் வீதி உள்ளே போய், வலப்பக்கம் திரும்பி, ஒரு மதிலில் முட்டி நிற்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் துண்டு போட்ட காணி. அவருடைய வீதியும் இதே மதிலில்தான் முட்டுகிறது.

மகளைச் சேர்க்க நினைக்கும் பாலர் பாடசாலை அந்த அடுத்த ஒழுங்கையில். மதிலில் எட்டிப் பார்த்தால் ஊஞ்சல் தெரியும், பிள்ளைகள் பாடுவது கேட்கும். நேராகப் போனால் 60 மீற்றர் இருக்கும். வீதியால் என்றால் பிரதான வீதிக்கு ஏறி, பஸ்ஸும் லொறியும் பறக்கிற இடத்தால் போய், திரும்ப உள்ளே இறங்க வேண்டும். 900 மீற்றருக்குக் குறையாது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மண்முனைத்துறையில் படகுப் பாதை ஏறித்தான் இந்தக் கரைக்கு வருவோம். 2014இல் பாலம் வந்தது. அதற்கு முந்தின வருடம் கல்லடியிலும் புதுப் பாலம். இவ்வளவு அகலமான வாவியைக் கடக்க வழி செய்த ஊரில் ஒரு மதிலைக் கடக்க வழி இல்லையா என்று மனைவி கேட்கிறாள்.

என் கேள்வி இரண்டு. இந்தக் காணியை வாங்கலாமா? மற்றது, பழைய நகரமான புளியந்தீவுக்குள் எந்த வீதியால் நுழைந்தாலும் இன்னொரு வீதியால் வெளியே வந்துவிடுவேன். புதிதாக வீடு வருகிற இடமெல்லாம் போன வழியாலேயே திரும்பி வர வேண்டியிருக்கிறது. இது ஏன்?

பழைய சங்கிலி:

தம்பி, நான் நில அளவையாளர் ஒருவரிடம் படம் கீறுகிறவனாக இருந்து ஓய்ந்தவன். உங்கள் மதிலைப் போல எத்தனையோ மதில்களைக் கடதாசியில் கோடாகக் கீறின கை இது. அதனால் இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன்.

நிலத்தைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுக்கமான மணல் மேடு. ஊர்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெற்கே நீளமாகப் போவது அதனால்தான். பழைய ஆட்களின் முறை எளிமையானது. நீளத்துக்கு ஒரு பெரிய வீதி, கடற்கரையோரம் அதற்குச் சமாந்தரமாக இன்னொன்று, இரண்டையும் தொடுக்கக் குறுக்கு வீதிகள். கடல் பக்கம் சுற்றி வரலாம் என்றால் அந்த இரண்டாவது வீதியின் புண்ணியம். வாவிப் பக்கத்தில் தோட்டமும் பள்ளக் காணியும்தான் கிடந்தன. வண்டி போக ஒரு பாதை போதும், அது வாவிக்கரையில் முடிந்தால் என்ன என்று விட்டார்கள். இப்போது கடல் பக்கம் நிரம்பி, வீடுகள் அந்தப் பக்கம் இறங்குகின்றன. பாதை மட்டும் பழையபடி.

புளியந்தீவு வேறு கதை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிறகு வெள்ளைக்காரன் கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகம், நடத்தினதும் அதே கோட்டைக்குள்தான். நிர்வாகம் குடியிருந்த தீவு, வீதியை அரசாங்கம் கீறியது. அம்பாறை நகரமும் அப்படி. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்த பிறகு, ஆட்கள் வரமுன்னமே வீதியைப் போட்டுக் கட்டின ஊர். நீங்கள் பார்க்கிற தென்னந்தோட்டத்தில் வீதியைக் கீறியது யார்? காணிக்காரரும் தரகரும். மறுகா எங்களைப் போல ஆள்.

மேசையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இரண்டு ஏக்கர் காணி, 320 பேர்ச். காணிக்காரர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை துண்டு வரும்? பக்கத்துக் காணிக்கு ஒரு தொடுப்பு வீதி விடுவோம் என்று நான் சொன்னால், 20 அடி அகலம், 80 அடி நீளம், 1600 சதுர அடி போகும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அப்படியென்றால் கிட்டத்தட்ட 6 பேர்ச். வீடு கட்ட விடுகிற ஆகச் சிறிய துண்டும் 150 சதுர மீற்றர், அதாவது அதே 6 பேர்ச். ஆக, தொடுப்பு விடு என்றால் ஒரு துண்டை விற்காமல் விடு என்று அர்த்தம். அந்தத் தொடுப்பால் பக்கத்துக் காணிக்காரரின் துண்டுகளுக்கும் விலை ஏறும். என் ஆறு பேர்ச்சில் அவன் ஏன் சம்பாதிக்க வேண்டும் என்று இவர் நினைப்பார். அடுத்த வருடம் அவர் துண்டு போடும்போது அவரும் இதையே நினைப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் உங்கள் மதில் எழும்பும்.

சட்டம் இல்லாமல் இல்லை. துண்டுகள் கூடக் கூட வீதி அகலமாக வேண்டும். நான் வேலை செய்தபோது, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணி என்றால் பொதுத் தேவைக்குப் பத்து வீதம் ஒதுக்க வேண்டியிருந்தது. (அந்த எல்லைக்குக் கீழே நிற்கும்படி காணியை இரண்டாக வெட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.) ஆனால் வீதி எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டு ஒரு பிளான் திரும்பி வந்ததை என் காலத்தில் நான் காணவில்லை.

இன்னும் ஒரு தந்திரம். வீதியின் முடிவில் ஒரு அடி அகலத்துக்கு ஒரு கீற்றை வீதியோடு சேர்க்காமல் காணிக்காரர் தன் பேரிலேயே வைத்திருப்பார். நாளைக்குப் பக்கத்துக் காணிக்காரர் தொடுக்க வந்தால் அந்த ஒரு அடிக்குப் பேரம் பேசலாம். உங்கள் பிளானில் அப்படி ஏதும் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வரைபடக் கிறுக்கி:

சங்கிலி ஐயா சொன்னதற்கு வெளியூர்க் கணக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். கம்பஸில் புவியியல் படிக்கிறேன். ஓய்வு நேரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் ஏறாவூர், செங்கலடிப் பக்கத்து ஒழுங்கைகளைக் கீறுவது என் பைத்தியம்.

அண்ணன், நீங்கள் கேட்டதை அளக்க முடியும், அளந்தும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சந்தியிலும் எத்தனை கை பிரிகிறது என்று எண்ணுவது ஒரு வழி. முட்டி நிற்கும் இடம் 1, முச்சந்தி 3, நாற்சந்தி 4. ஊர் முழுவதற்கும் சராசரி எடுத்தால் அங்கே வீதிகள் எவ்வளவு தொடுத்துக் கிடக்கின்றன என்று தெரியும். இன்னொரு வழி, நேர்த்தூரத்தைப் போல வீதித்தூரம் எத்தனை மடங்கு என்று பார்ப்பது. சதுரம் சதுரமாக வீதி போட்ட ஊரில் இது சராசரியாக 1.27 மடங்குக்குக் கிட்ட வரும். உங்கள் பாலர் பாடசாலைக்கு 15 மடங்கு வருகிறது!

இப்படியான அளவுகளைச் சேர்த்து ஒரே சுட்டியாக்கி உலகம் முழுவதையும் பார்த்தவர்கள் கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லர்ட்-பால் என்ற இருவர். 2015இல் அமெரிக்காவை மட்டும் பார்த்தார்கள். 2020இல் வந்த ஆய்வு முழு உலகத்துக்கும், 1975 தொடக்கம். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் புதிதாகச் சேரும் வீதிகள் பழையவற்றை விடத் தொடுப்புக் குறைந்தவை. தென்கிழக்கு ஆசியாவில் இது வேகமாகக் கூடுகிறது. ஜப்பான், தென்கொரியா, இலத்தீன் அமெரிக்கா, வட ஆப்பிரிக்கா போன்ற இடங்களில் அவ்வளவு கெடவில்லை. ஆகவே நகரம் பெருத்தால் இப்படித்தான் ஆகும் என்று விதி ஒன்றும் இல்லை. டோக்கியோ என்ன சின்ன நகரமா?

அமெரிக்காவில் முட்டு வீதி ஒரு காலத்தில் ஸ்டைலாக இருந்தது. 1929இல் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்று ஒரு குடியிருப்பு கட்டினார்கள், கார்கள் ஊடறுத்துப் போகாதபடி வீதிகளை மூடி வைத்து. ஆனால் அவர்கள் நடந்து போகத் தனிப் பாதைகளும் போட்டார்கள். பின்னால் பார்த்துச் செய்தவர்கள் மூடிய வீதியை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். 1930களில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்த அரச நிறுவனமே சதுர வீதியை வேண்டாம் என்று சொல்லி, வளைந்த, முட்டுகிற வீதிகளைச் சிபாரிசு செய்தது. இந்தப் போக்கு அங்கே 1990களின் நடுவில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு திரும்பியது. 2009இல் வர்ஜீனியா மாநிலம் ஒரு விதி கொண்டுவந்தது: புதுக் குடியிருப்பின் வீதியை மாநிலம் பொறுப்பெடுத்துப் பராமரிக்க வேண்டும் என்றால் அது அக்கம்பக்கத்தோடு தொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் உறைத்தது வேறு. வீட்டை இடித்துக் கட்டுகிறோம், கடையை மாற்றுகிறோம், வயலையும் நிரப்புகிறோம். போட்ட வீதி மட்டும் பெரும்பாலும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது, ஏனென்றால் அதன் இரண்டு கரையிலும் எத்தனையோ பேருடைய காணி உறுதிகள்.

ஒரு சின்னப் புலம்பல்: வானத்தில் இருந்து எடுத்த படத்தில் மதில் தெரியாது, தென்னை ஓலைதான் தெரியும். அதனால் இரண்டு முட்டு ஒழுங்கைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கீறிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணனின் போன் மதிலுக்கு நேரே கொண்டுபோய் விட்டிருந்தால் அதுதான் சங்கதி.

நாவற்குடா மருமகன்:

விட்டிருக்கிறது தங்கச்சி, ஒரு தடவை அல்ல. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு மேலால் பார்சலை எட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். காசும் மேலால்தான் வந்தது.

கல்முனை உம்மா:

எல்லாரும் காணி விற்கிறவனையே ஏசுகிறீர்கள். எங்கள் பக்கத்து ஒழுங்கைகளைக் கீறியது தரகர் இல்லை மகன், சீதனம்.

எங்கள் வாப்பாவுக்கு அரை ஏக்கர் வளவு, எண்பது பேர்ச். பெண் பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர். இந்தக் கரை வழக்கம் தெரியும்தானே, தமிழாட்களுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்: பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை வந்து இருப்பார். வீதி முகப்பு மூத்தவளுக்குப் போனது. எனக்குப் பின்னால். எனக்குப் பின்னால் தங்கச்சி. கரையோடு ஆறடியில் ஒரு நடை விட்டார் வாப்பா, அதுதான் ஒழுங்கை. இப்போது என் மகளுக்கும் தங்கச்சியின் மகள்மாருக்கும் வீடு கட்டியாகிவிட்டது. நடை இன்னும் உள்ளே போய்க் கடைசி வீட்டுக் கக்கூசுக் குழியோடு நிற்கிறது. அதற்கு அங்கால் அடுத்த வீதிக் குடும்பத்தின் பின் வளவு. அவர்களும் தங்கள் பக்கம் இருந்து இப்படியே உள்ளே வந்து முடித்திருக்கிறார்கள்.

முன்பு இது கரைச்சலாகத் தெரியவில்லை. ஏனென்றால் மதில் இல்லை, கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு இருக்கும். ஒரு ஆள் குனிந்து போகிற அளவு, இரண்டு கம்புக்கு நடுவில், அடியில் மண் தேய்ந்து வழுவழு என்று கிடக்கும். அந்தப் பொட்டால் நோன்புக் கஞ்சி போகும், கோழி போகும், பள்ளிக்கூடப் பிள்ளை போகும். மாமி வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் நாங்கள் வீதியில் இறங்காமலே போய் வந்தோம். எந்தப் படத்திலும் அது இருக்காது, ஆனால் அதுதான் எங்களுக்கு வீதி. வெளிநாட்டுக் காசு வந்தது, கல் வைத்து மதில் கட்டினோம். எல்லாரும் கட்டினார்கள், நானும் கட்டினேன். கள்ளன் பயம் வேறு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முட்டு ஒழுங்கையை அப்படி ஒரேயடியாகக் கழிக்காதீர்கள். என் பேரப்பிள்ளைகள் நாள் முழுக்க அந்த நடையில்தான் பந்து அடிக்கிறார்கள், ஒரு மோட்டார் சைக்கிள் வராது. ஊடு வழி உள்ள அடுத்த ஒழுங்கையில் டியூசன் பெடியன்கள் பறக்கிற பறப்புக்குப் பிள்ளையை வாசலில் விட முடியாது. கஷ்டம் எப்போது என்றால், கணவருக்கு இரவில் நெஞ்சு வலி வந்தபோது அம்புலன்ஸ் வீதி முகப்பில் நின்றது. கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழி இறைக்கிற பவுசரும் உள்ளே வராது, குழாய் எட்டாது.

திராய்மடு வாசி:

நாங்கள் நாவலடியில் இருந்து வந்தவர்கள். 2004 சுனாமியில் அந்தக் கரை என்ன ஆனது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். முன்னால் கடல், பின்னால் வாவி, ஓடுவதற்கு நீளத்துக்கு மட்டும்தான் வழி. பிறகு திராய்மடுவில் வீடு கொடுத்தார்கள். இங்கே வீதியைப் போட்டுவிட்டுத்தான் வீடு கட்டினது, உள்ளுக்குள் எங்கிருந்தும் எங்கேயும் போகலாம், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் தோணி கிடக்கிற இடம் தூரம். விடியப்புறம் வலையோடு போகிறவனுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் நாற்சந்தி இருந்து என்ன பயன்? வீதி தொடுத்திருப்பதை மட்டும் பார்க்காமல், தொழில் எங்கே கிடக்கிறது என்றும் பாருங்கள் தம்பி.

நாவற்குடா மருமகன்:

எல்லாருக்கும் நன்றி. உம்மா சொன்ன பொட்டைப் பற்றி வாசித்துக் காட்ட, மாமியார் தன் வேலியில் எந்த இடத்தில் இருந்தது என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இப்போது அங்கே தண்ணித் தாங்கி.

பிளானைப் போட்டோப் பிரதி எடுத்துப் பார்த்தேன். சங்கிலி ஐயா, நீங்கள் சொன்ன கீற்று இருக்கிறது! வீதியின் முடிவில் மெல்லிய கோடு ஒன்று, அதற்குத் தனி இலக்கம். விற்கிறவரிடம் கேட்டேன். அது சும்மா, மதில் கட்டுகிற இடம் என்கிறார். அந்தப் பக்கத்துக் காணிக்காரரையும் விசாரித்தேன். வீதி திறக்க அவருக்கு விருப்பம் இல்லை, ஊர் வாகனமெல்லாம் உள்ளே வரும் என்கிறார். நடந்து போக மட்டும் என்றால் யோசிக்கலாமாம். இதில் நான் எதைக் கேட்க வேண்டும், எதை எழுத்தில் வாங்க வேண்டும்?

பழைய சங்கிலி:

நடைபாதை கிடைத்தால் விடாதீர்கள் தம்பி. உங்களுக்கு வேண்டியது அதுதான், அந்தப் பக்கத்தாரின் பயமும் நியாயமானது, உம்மாவின் பேரப்பிள்ளைகளுக்குப் பந்தடிக்க இடமும் மிஞ்சும். ஆறு அடி போதும், நடுவில் ஒரு கொங்கிறீட் தூண் நட்டால் மோட்டார் சைக்கிளும் தடுமாறும்.

ஆனால் வாய்ப் பேச்சில் விடாதீர்கள். இன்றைக்கு ஓம் என்பார், நாளைக்கு மகளுக்குச் சீதனம் கொடுக்கும்போது மருமகன் வந்து அடைப்பார். (உங்களைச் சொல்லவில்லை!) அந்த ஒரு அடிக் கீற்றை வீதியோடு சேர்த்துப் பிளானைத் திருத்தச் சொல்லுங்கள். துண்டுகள் இன்னும் முழுக்க விற்றுப் போகவில்லை என்றால் இதுதான் நேரம், விற்று முடிந்தால் அவரைப் பிடிக்க முடியாது. உங்கள் உறுதியில் துண்டின் இலக்கத்தோடு வீதித் துண்டின் இலக்கத்தையும் போட்டு, அதில் போக்குவரத்து உரிமை என்று எழுத வேண்டும். அந்தப் பக்கத்தார் விடுகிற ஆறடியும் நொத்தாரிசு முன்னால் உறுதியாக எழுதிப் பதிய வேண்டும். வீதியை மாநகர சபையிடம் கையளித்தாயிற்றா என்றும் கேளுங்கள். தனியார் வீதியாகவே கிடந்தால் கிறவல் போனாலும் விளக்கு எரியாவிட்டாலும் உங்கள் தலையில்தான்.

இன்னொன்று, ஒருவரும் தண்ணியைப் பற்றிக் கதைக்கவில்லை. மார்கழி மழையில் அந்தப் பக்கத்துத் தண்ணி எல்லாம் வாவிக்குத்தான் இறங்க வேண்டும். வீதிக்கு வழி இல்லாத இடத்தில் தண்ணிக்கும் வழி இல்லை. நிரப்பின காணிகளுக்கு நடுவில் மதில் நின்றால் முழங்கால் அளவுக்குத் தேங்கும். நடைபாதைக்கு அடியால் தண்ணி ஓட ஒரு கான் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு காணிக்காரருக்கும் அதில் ஆதாயம் உண்டு. பிள்ளையின் பாலர் பாடசாலைக்காக அசையாதவர் தன் மதில் சரிந்துபோகும் என்றால் அசைவார்.

வரைபடக் கிறுக்கி:

ஐயா சொன்ன வழி ஒரு மதிலுக்குச் சரி. முழு வாவிக்கரைக்கும் என்றால் ஜப்பானில் செய்கிற மாதிரி ஏதாவது வேண்டும். காணிக்காரர்கள் தங்கள் காணிகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள். வீதிக்கும் பூங்காவுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மிச்சத்தைச் சீராகப் பிரித்துத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். காணி சுருங்கும், விலை ஏறும். குஜராத்திலும் இதே முறை நெடுங்காலமாக நடக்கிறது, அகமதாபாத்தின் பெரும் பகுதி அப்படி வளர்ந்ததுதான். தென்னந்தோட்டமாக இருக்கும்போதே செய்தால்தான் உண்டு. ஐந்து காணிக்காரர் என்றால் ஒரு மேசையில் உட்காரலாம், துண்டு போட்டு விற்ற பிறகு இருநூறு பேரை எங்கே தேடுவது?

கல்முனை உம்மா:

ஐந்து பேரும் ஒரே குடும்பம் என்றால் அதுவும் நடக்காது மகள். எங்கள் வீட்டைப் பார்.

நாவற்குடா மருமகன்:

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. கீற்றை வீதியோடு சேர்த்தால்தான் கொடுப்பேன் என்று சொல்லியாயிற்று. விற்கிறவர் சேவையரிடம் கேட்டுச் சொல்வதாக இருக்கிறார். கான் விசயம் அந்தப் பக்கத்தாருக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது, போன மாரியில் அவருடைய மதில் ஒரு பக்கம் சரிந்ததாம். கொங்கிறீட் தூணுக்கு யார் காசு என்பதில்தான் இப்போது இழுபறி.